விளம்பரத்தில் பேசியவள்

அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் ஊரில் நூறு பேர் இருந்தால் அதிகம். குரலைத் தெரியாதவர்கள் நூறு பேர் இருந்தால் அதுவும் அதிகம். வானொலியில் சோப்பு, பற்பசை, தலைவலி மாத்திரை என்று எது விற்றாலும் பாதி நேரம் அவள்தான் விற்றுக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் பேசி வாங்கிய பட்டப்பெயர் ‘மைக்’. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன பிறகும் கணவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மைக்குக்கு இரண்டு குரல்கள். ஒன்று தொழில் குரல். ஒவ்வொரு சொல்லையும் துணியால் துடைத்துத் தட்டில் எடுத்து வைப்பது போல வெதுவெதுப்பாக வரும். இன்னொன்று வீட்டுக் குரல். கொஞ்சம் கட்டை, ரொம்ப வேகம், கோபம் வந்தால் நாலு வீடு தாண்டிக் கேட்கும். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுமான நிறுவனத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவள் விளம்பரம் பேசினாள். தாளில் நாலே நாலு வரி. “காலையில் ஜன்னலைத் திறந்தால் ஏரி. கால் நோகாமல் மேலே போக இரண்டு லிஃப்ட். குழந்தைகளுக்கென்று ஒரு தனி உலகம். உங்கள் கனவு, எங்கள் கடமை.”

ஒலிப்பதிவு செய்தவர் பிடிவாதக்காரர். “மேடம், ‘ஏரி’ன்னு சும்மா சொல்றீங்க. ஏரியைப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். பத்தொன்பது முறை சொல்ல வைத்தார். பத்தொன்பதாவது முறை சொல்லும்போது அவளுக்கு நிஜமாகவே ஏரி தெரிந்தது. தண்ணீர் பளபளத்தது. கரையில் ஒரு வெள்ளைப் பறவை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். “என்னங்க, நாம அங்க ஒரு வீடு வாங்கிடலாமா?”

“நீ பேசின விளம்பரத்துக்கு நீயே மயங்கிட்டியா?” என்று கேட்டார் அவர்.

“பத்தொன்பது தடவை கேட்டா யாரா இருந்தாலும் மயங்கத்தான் செய்வாங்க.”

கணவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, சுவரில் தொங்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கண்ணுக்கேற்ற கண்ணாடி மாட்டிவிடுவார். ஊருக்கெல்லாம் பொடி எழுத்தைப் படிக்க வழி செய்கிற அந்த மனுஷன், வீட்டு ஒப்பந்தத்தில் இருந்த பொடி எழுத்துகளை மட்டும் ஒரு வரிகூடப் படிக்காமல் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். கேட்டால், “நீதானே பேசியிருக்கே, தப்பா இருக்குமா?” என்றார்.

சாவி ஒரு வருஷம் தாமதமாகக் கைக்கு வந்தது. ஐந்தாவது மாடி. குடிபோன அன்று காலையில் மைக் ஜன்னலைத் திறந்தாள். ஏரி இருந்தது! பறவைகூட இருந்தது. பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாவது நாள் ஜன்னலுக்கும் ஏரிக்கும் நடுவில் மண் தோண்டும் இயந்திரங்கள் வந்து நின்றன. அதே நிறுவனம் அங்கே இரண்டாவது கட்டடம் கட்ட ஆரம்பித்துவிட்டது. ஆறு மாதத்தில் ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட்டுச் சுவர். கையை நீட்டினால் தொட முடியாது, அவ்வளவுதான். எச்சில் துப்பினால் போய்ச் சேரும்.

லிஃப்ட் கதை இன்னும் விசேஷம். தரைத் தளத்திலிருந்து எட்டாவது மாடி வரைக்கும் எல்லாத் தளத்திலும் இரண்டிரண்டு லிஃப்ட் கதவுகள் பளபளவென்று இருந்தன. இடது பக்கத்து லிஃப்ட் வாரத்தில் மூன்று நாள் படுத்துக்கொள்ளும். வலது பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் அழகாகச் சிவப்பு விளக்கு எரியும். எரிந்துகொண்டே இருக்கும். வேறு ஒன்றும் நடக்காது. கதவு இருந்தது, விளக்கு இருந்தது, உள்ளே லிஃப்ட்தான் இல்லை.

குழந்தைகளின் தனி உலகம் என்பது ஒரு ஜல்லிக் குவியலும், அதன் நடுவில் சுருள் கம்பியில் ஆடும் ஒற்றை மரக்குதிரையும். கட்டடத்தில் இருபத்தேழு குழந்தைகள். குதிரைக்கு முதுகு ஒன்று.

குடியிருப்பவர்கள் புகார் சொல்ல நிறுவனம் ஒரு மேலாளரை நியமித்திருந்தது. நல்ல மனிதர், சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. எதைக் கேட்டாலும் “அடுத்த வாரம் முடிஞ்சிடும்” என்பார். லிஃப்ட்டா, அடுத்த வாரம். ஏரியா, அதற்கும் வாய் தவறி ஒருமுறை அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கட்டடத்தில் அவருக்குப் பெயரே ‘அடுத்தவாரம்’ என்று ஆகிவிட்டது. “அடுத்தவாரம் வந்திருக்காரு, கீழ நிக்கறாரு” என்பார்கள். அவரும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

ஒருநாள் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. மைக், நிறுவனத்தின் தொலைபேசிக்கு அடித்தாள். இரண்டு தடவை மணி ஒலித்தது. அப்புறம் தேன் மாதிரி ஒரு குரல் பேசியது. “வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். உங்கள் கனவு, எங்கள் கடமை. சற்றே காத்திருங்கள்.”

அவளுடைய குரல்தான். விளம்பரம் பேசிய அன்றே, இதையும் ஒரு வரி பேசிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அவள் மறந்தே போயிருந்தாள்.

“காத்திருக்கேன்” என்றாள் மைக், பல்லைக் கடித்துக்கொண்டு.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்” என்றது குரல்.

“எவ்வளவு முக்கியம்னு தெரியுது. எடுக்கச் சொல்லு யாரையாவது!”

“சற்றே காத்திருங்கள்.”

“என்னையே காக்க வெக்கிறியாடி நீ?”

சோபாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவர் தாளை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார். தாள் குலுங்கிக்கொண்டே இருந்தது. “சிரிக்காதீங்க” என்றாள் மைக். “நான் சிரிக்கலை” என்று தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். “இந்த வீட்டுல உன்னை எதிர்த்து ஜெயிச்சது யாருமில்லைன்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னிக்கு ஒருத்தி ஜெயிச்சுட்டா.”

இருபது நிமிஷம் அவள் தன்னோடு தானே மல்லுக்கட்டிவிட்டு, தோற்று, தொலைபேசியை வைத்தாள்.

அதுவரைக்கும் அவளுக்கு இருந்தது கோபம் மட்டும்தான். அதற்கடுத்த வாரம் நடந்தது வேறு.

ஏழாவது மாடியில் ஒரு தையல்கார அக்கா இருந்தாள். வீட்டிலேயே இரண்டு இயந்திரங்கள் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பாள். வலது முழங்கால் மடங்காது. அன்று லிஃப்ட் படுத்துவிட்டது. துணி மூட்டையை ஒரு படி ஏற்றி வைப்பது, காலை இழுத்து வைப்பது, மறுபடி மூட்டை என்று ஏறிக்கொண்டிருந்தவளை மூன்றாவது மாடியில் மைக் பிடித்தாள். மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“அடுத்தவாரத்துக்கிட்ட சொன்னீங்களாக்கா?”

“சொன்னேனே. படி ஏறினா உடம்புக்கு நல்லதுன்னு சொன்னாரு. உடற்பயிற்சிக் கூடம் எங்கய்யான்னு கேட்டா, இதுதான்னு காட்டுவாரு போல.” அக்கா கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். “அவரை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், தங்கச்சி. அவரு சம்பளத்துக்குப் பேசறாரு. எனக்கு அந்தப் பொம்பளை மேலதான் ஆத்திரம்.”

“எந்தப் பொம்பளை?”

“ரேடியோவுல பேசினாளே, அவ. நான் தைக்கும்போது ரேடியோ ஓடிட்டே இருக்கும். தினமும் பத்துத் தடவை வருவா. ‘கால் நோகாமல் மேலே போக’ன்னு அவ சொன்னப்போ எனக்குன்னே சொல்ற மாதிரி இருந்துச்சு. எங்க சித்தி பேச்சு அப்படியே. சித்தி பொய் சொல்லுவாளா? நம்பி வந்துட்டேன்.” அக்கா அடுத்த படியில் காலை இழுத்து வைத்தாள். “அவ மட்டும் என் கையில கெடச்சா, வாயை ஓரம் மடிச்சு இரட்டைத் தையல் போட்டுருவேன்.”

மூட்டைக்கு அடியில் மைக்கின் முகம் எப்படி இருந்தது என்று அக்காவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மீதி நாலு மாடியும் மைக் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் விழித்திருந்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. “நீ எழுதினதா அது? தாள்ல இருந்ததைத்தானே படிச்சே?” என்று கணவர் சமாதானம் சொன்னார். “படிச்சேன்” என்றாள். “ஆனா நம்புற மாதிரி படிச்சேன்ல?”

மூன்றாம் நாள் ஏழாவது மாடிக்குப் போனாள். அக்கா சட்டைக் கழுத்துப்பட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் பெரிய கத்தரிக்கோல். மைக் கதவோரமாகவே நின்றுகொண்டு, வெட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்து, அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்த பிறகு தொழில் குரலை எடுத்தாள். “கால் நோகாமல் மேலே போக இரண்டு லிஃப்ட்.”

அக்கா நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ அணைந்திருந்தது. மைக்கைப் பார்த்தாள்.

“நான்தான்க்கா அது” என்றாள் மைக். “என்னை மன்னிச்சிடுங்க.” அதுவும் தொழில் குரலிலேயே வந்துவிட்டது.

“அந்தக் குரல்ல சொல்லாதே, நம்ப மாட்டேன்” என்றாள் அக்கா. “கீழ நின்னு கத்துவியே, அந்தக் குரல்ல சொல்லு.”

மைக் வீட்டுக் குரலில் சொன்னாள். நடுவில் இரண்டு குரலும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று வந்தது. அக்கா அளவு நாடாவைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். “உக்காரு. தையல் போடறதை அப்புறம் பாத்துக்கலாம். நீயும் இங்கதான் வீடு வாங்கியிருக்கியா? சொந்தக் காசு போட்டா?”

“சொந்தக் காசுதான்க்கா. ஏரி தெரியும்னு.”

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அடிப்பாவி, உன் காதுல நீயே பூ சுத்திக்கிட்டியே!” கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். மைக்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

வாய்ப்பு தானாக வந்தது. இரண்டாவது கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தது. வீடு வாங்க வருகிறவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தல் போட்டு விழா நடத்தப் போகிறார்கள், முதலாளியே வருகிறார், ‘ரேடியோவில் பேசிய அம்மா’ மேடையில் நேரில் வந்து தொகுத்து வழங்க வேண்டும் என்று விளம்பரக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். அந்த அம்மா எதிர்க் கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. வீடு கணவர் பேரில் இருந்தது.

ஏற்பாடுகள் பேச அடுத்தவாரமே தொலைபேசியில் வந்தார். மைக் தொழில் குரலில் பேசினாள். மனிதர் உருகிவிட்டார். “மேடம், உங்க குரலுக்கு எங்க முதலாளி அடிமை. ஒரே ஒரு வேண்டுகோள். மேடையில சில பேர் ஆர்வத்துல சொந்தமா ஏதாவது சேத்துப் பேசிடறாங்க. தாள்ல இருக்கறதை மட்டும் படிச்சா போதும்.”

“தாளில் இருப்பதற்கு மேல் ஒரு வாக்குறுதிகூட என் வாயிலிருந்து வராது” என்றாள் மைக். “நடுநடுவே ‘வாருங்கள், பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாமா? வந்தவர்களுக்கு உற்சாகமாக இருக்கும்.”

“தாராளமா மேடம், தாராளமா!”

அக்காவுக்கும் மைக்குக்கும் அந்த வாரம் முழுக்க வேலை. கணவர் ஒரு தாளைத் தட்டச்சு செய்து வந்தார். அதில் தேதி எழுதும் இடங்களும் கையெழுத்துப் போடும் இடமும் மட்டும் காலியாக இருந்தன. இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும், கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடி வைத்து, மூன்று முறை படித்துப் பார்த்தார். காவலாளியிடம் அக்காவே போய்ப் பேசினாள். வலது பக்கத்து லிஃப்ட்டின் தரைத்தளக் கதவைத் தள்ளித் திறக்க அவருக்கு மட்டும்தான் வழி தெரியும். லிஃப்ட்டுக்காகத் தோண்டிய பள்ளத்தைப் பலகை போட்டு மூடி, உள்ளே துடைப்பம், வாளி, ஒரு நாற்காலி எல்லாம் வைத்து, ஒண்டிக்கொள்ள அறை மாதிரி ஆக்கி வைத்திருந்தார். காவலர்களுக்கென்று ஒரு அறை தருவதாக அவருக்கும் நிறுவனம் சொல்லியிருந்தது. அதுவும் அடுத்த வாரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பந்தலில் நூற்றைம்பது நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. முதலாளி வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில் அடுத்தவாரம் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கி வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எதிர்க் கட்டடத்திலிருந்து செருப்புச் சத்தத்தோடு நடந்து வந்தவளைப் பார்த்து முகம் சுளித்தார்.

“அஞ்சாவது மாடி மேடம், இன்னிக்கு வேண்டாமே. தண்ணீர் விஷயம் அடுத்த வாரம் கண்டிப்பா...”

“பூங்கொத்து எனக்கா?” என்று தொழில் குரலில் கேட்டாள் மைக்.

பூங்கொத்து கைமாறியபோது அடுத்தவாரத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. ஏதாவது செய்வதற்குள் முதலாளி எழுந்து வந்துவிட்டார். “அம்மா, உங்க குரல் தெய்வக் குரல்!” என்று கைகூப்பினார். அப்புறம் யார் என்ன செய்ய முடியும்?

மைக் மேடையேறினாள். கையில் தாள். கம்பியில்லாத ஒலிவாங்கி. “வணக்கம்” என்றாள். நாற்காலிகள் சலசலப்பதை நிறுத்தின. இந்தக் குரலா, இந்தக் குரலா என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

“கால் நோகாமல் மேலே போக இரண்டு லிஃப்ட்” என்று படித்தாள். “இதே நிறுவனம் கட்டி முடித்த கட்டடம் எதிரிலேயே இருக்கிறது. வாருங்கள், பார்க்கலாம்.”

சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி நடந்தாள். அந்தக் குரல் வா என்றால் வராமல் இருக்க முடியாது. நூற்றைம்பது பேரும் எழுந்து பின்னால் போனார்கள். முதலாளியும் போனார். கட்டி முடித்துக் கொடுத்த பிறகு அந்தக் கட்டடத்துக்குள் அவர் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. லிஃப்ட் விஷயத்தில் தன் விளம்பரத்தை அவரே மனதார நம்பிக்கொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

“மேடம், மேடம்” என்று கிசுகிசுத்தபடி அடுத்தவாரம் பக்கத்தில் ஓடிவந்தார். “இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே!”

“தாளில் இருப்பதைத்தான் படிக்கிறேன்” என்றாள் மைக் ஒலிவாங்கியில். மனிதர் இரண்டடி பின்வாங்கினார்.

லிஃப்ட் முன்னால் கூட்டம் நின்றது. இடது பக்கத்து லிஃப்ட் அன்றும் படுத்திருந்தது. அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. மைக் வலது பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. “இரண்டாவது லிஃப்ட்” என்று மறுபடி படித்தாள்.

கதவு மெதுவாக, முக்கி முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு காலால் கதவைத் தள்ளிக்கொண்டே காவலாளி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே கொடியில் அவருடைய துண்டும் பனியனும் காய்ந்துகொண்டிருந்தன. அத்தனை பேரைப் பார்த்ததும் எழுந்து நின்று முதலாளிக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

“எத்தனாவது மாடிங்க போகணும்?” என்று கேட்டார். அப்படிக் கேட்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவரே சேர்த்துக்கொண்டது.

கூட்டம் வெடித்தது. முன்னால் நின்ற ஒரு ஆள் குழந்தையைத் தோளில் வைத்திருந்தார். அப்பா சிரித்த குலுக்கலில் குழந்தையும் மேலும் கீழும் குதித்தது. முதலாளி சிரிக்கவில்லை. திரும்பி அடுத்தவாரத்தைப் பார்த்தார். அடுத்தவாரம் தரையைப் பார்த்தார்.

“குழந்தைகளுக்கென்று ஒரு தனி உலகம். வாருங்கள், பார்க்கலாம்.” ஜல்லிக் குவியலைச் சுற்றிக் கூட்டம் நின்றது. மரக்குதிரைக்கு முன்னால் பதினாலு குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். அக்கா நிற்க வைத்திருந்தாள். ஒரு சிறுமி, “எங்க வரிசைக்குப் பின்னாடி வந்து நில்லுங்க” என்று முதலாளியிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

“காலையில் ஜன்னலைத் திறந்தால் ஏரி” என்று படித்தாள் மைக். இந்த முறை பழைய கட்டடத்துக்கு அழைத்துப் போகவில்லை. புதுக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்த மாதிரி வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஜன்னலைத் திறந்தாள். ஏரி அழகாக இருந்தது. வந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. முதலாளியும் அப்பாடா என்று மூச்சு விட்டார்.

தோளில் குழந்தை வைத்திருந்தவர்தான் முதலில் கேட்டார். “நடுவுல ஏன் குச்சி குச்சியா நட்டு கயிறு கட்டியிருக்கு?”

மைக் தாளைப் புரட்டிப் பார்த்தாள். “அது தாளில் இல்லையே” என்றாள். “ஐயாவைக் கேட்கலாம். எங்கள் ஜன்னலில் ஏரி பதினோரு நாள் இருந்தது.” ஒலிவாங்கியை முதலாளியிடம் நீட்டினாள்.

மூன்றாவது கட்டடத்துக்கு அளந்து வைத்த குச்சிகள் அவை. முதலாளி ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு மென்று விழுங்கினார். “குறைகள் எல்லாம்... எங்க மேலாளர்... அடுத்த...”

“வாரம்!” என்று மாடிப்படியில் நின்ற பழைய கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் முடித்து வைத்தார்கள். மறுபடி சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் தோளில் குழந்தை வைத்திருந்தவர் பேசினார். சத்தம் போடவில்லை, நிதானமாகவே சொன்னார். “சார், நாங்க வாங்கறதுக்குத்தான் வந்தோம். மொதல்ல அவங்களுக்குச் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதைப் பாத்துட்டு நாங்க எங்க கையெழுத்தைப் போடறோம்.” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

அக்கா இடுப்பிலிருந்து தாளை எடுத்தாள். அந்த ஒரு மாடியை ஏற அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “என்ன தாளும்மா இது?” என்று கேட்டார்.

“படிச்சுப் பாருங்க. பொடி எழுத்தே இல்லை” என்றாள் அக்கா.

மைக்கின் கணவர் ஓடிவந்து தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாவது லிஃப்ட்டுக்குத் தேதி போட்டார். தனி உலகத்துக்குப் போட்டார். காவலர் அறைக்கும் போட்டார். ஏரியைத் திருப்பித் தர முடியாது என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக, புதுக் கட்டடத்தின் தலைக்கு மேலே ஏரி தெரிகிற, விளம்பரப் பலகை வைப்பதற்காகப் பூட்டி வைத்திருந்த மொட்டை மாடியின் சாவியைத் தருவதாக எழுதிக் கொடுத்தார். ஒரு வரிக்கு வந்ததும் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு அக்காவைப் பார்த்தார். “ரெண்டாவது லிஃப்ட் வர்ற வரைக்கும், மொதல் லிஃப்ட் ஓடாத நாள்ல ஏழாவது மாடிக்கு மூட்டை தூக்கறது மேலாளர் பொறுப்பா?”

“படி ஏறினா உடம்புக்கு நல்லதுங்க” என்றாள் அக்கா.

முதலாளிக்கு அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்தவாரம் மூட்டை தூக்கியது பதினெட்டு நாள். இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் நாள், பனியனோடு மூன்றாம் நாள். ஐந்தாம் நாளிலிருந்து லிஃப்ட் கம்பெனிக்கு அவரே தினமும் மூன்று தடவை தொலைபேசி அடித்து, இன்றைக்கு ஆள் வராவிட்டால் நான் உங்கள் வாசலில் வந்து படுத்துக்கொள்வேன் என்று மிரட்ட ஆரம்பித்தார். முதலாளி போட்ட தேதிக்கு ஒன்பது நாள் முன்னாலேயே இரண்டாவது லிஃப்ட் ஓடியது. அதற்குள் அக்காவுக்கும் அவருக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. ஏழாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது அவள் டீ போட்டுக் கொடுப்பாள். அவருடைய இரண்டு சட்டைகளுக்குப் பொத்தானும் தைத்துக் கொடுத்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தண்ணீர் இன்றைக்கும் சில நாள் நூலாகத்தான் வருகிறது. மரக்குதிரைகள் மூன்று வந்தன, ஊஞ்சல் வரவில்லை. மூன்றாவது கட்டடத்தைத் தள்ளிக் கட்டுவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் புதுக் கட்டடத்தில் வீடுகள் விற்றன. குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர் அங்கே நாலாவது மாடிக்குக் குடிவந்துவிட்டார்.

மைக்குக்கு அந்த நிறுவனத்தின் வேலை போனது. அதில் வருத்தமில்லை. ஆனால் அவள் ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். எந்த விளம்பரம் வந்தாலும் முதலில் அந்தப் பொருளை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள் என்கிறாள். பாதிப் பேர் அப்படியே வேறு குரலைத் தேடிப் போய்விடுகிறார்கள். மீதிப் பேர் கொண்டுவருகிறார்கள். சலவை இயந்திரம் வந்தது, கணவரின் அழுக்குச் சட்டைகளை எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்கும் தூள் வந்தபோது ஸ்டூடியோவின் தேநீர்க் குவளைகள் எல்லாம் புதுசு மாதிரி ஆகிவிட்டன.

போன மாதம் ஒரு மெத்தைக் கம்பெனிக்காரர்கள் இரட்டைப் படுக்கை மெத்தை ஒன்றை நாலு பேர் வைத்துத் தூக்கிவந்து ஒலிப்பதிவு அறையின் நடுவில் போட்டார்கள். தாளில் ஒரே வரிதான் இருந்தது. “படுத்ததும் தூக்கம்.” மைக் செருப்பைக் கழற்றிவிட்டு, தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பரிசோதித்துப் பார்க்கலாம் என்று படுத்தாள்.

ஒலிப்பதிவு செய்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு தடவை “மேடம்” என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு மெத்தைக்காரரிடம் திரும்பி, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, விளக்கைக் குறைத்தார்.